ஆமணக்கு இலையைத் திருப்பிப் பாருங்கள்

மதிப்புக்குரிய வித்து வாத்தியார் அவர்களுக்கு,

பெரிய செய்தி மாமா, ரொம்பப் பெரிய செய்தி, நீங்கள் சொன்ன ஆமணக்கு வேலி வேலை செய்கிறது, இந்தப் பக்கம் பறக்கிற அத்தனை அந்துப்பூச்சியும் கடலையை விட்டுவிட்டு நம்ம ஆமணக்கைத் தேடித்தான் வருகிறது, அப்பாவுக்கு சந்தோஷத்தில் கால் தரையில் படவில்லை!

இனிமேல்தான் கடிதம். மேலே இருப்பது உங்கள் ஆட்களுக்காக. ஞாயிற்றுக்கிழமை உங்கள் யூடியூப் சேனல் நேரலையில் நீங்கள் நடத்துகிற 'கடித நேர'த்துக்குப் புகழ்ந்து எழுதினால்தான் உள்ளே விடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? அதற்குப் பெயர் வைத்ததே நான்தானே. மெசேஜ் போட்டால் நீல டிக் விழுந்து அப்படியே கிடக்கிறது. போன் செய்தால் அக்கா எடுத்து, "எடிட்டிங்ல இருக்காருடி, அப்புறம் பேசுவாரு" என்கிறாள். சொந்த அக்கா புருஷனிடம் ஒரு வார்த்தை பேச ரசிகர் கடிதம் போட வேண்டியிருக்கிறது. நல்லா இருக்கு மாமா உங்க வளர்ச்சி.

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது. மோட்டார் மறுபடியும் புகைந்து, புதுக் காயில் சுற்றக் கொடுத்திருக்கிறோம். அக்காவின் காது வலி எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்கச் சொன்னாள். குசலம் முடிந்தது. விஷயத்துக்கு வருகிறேன்.

அந்துப்பூச்சி வந்ததா, வந்தது. வந்து என்ன செய்தது? முட்டை வைத்தது. ஆமணக்கு இலையை ஒரு தடவையாவது திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா நீங்கள்? இங்கே எந்த இலையைத் திருப்பினாலும் அடியில் பழுப்புக் கம்பளியைக் கிழித்து ஒட்டினது மாதிரி ஒரு திட்டு. அது கம்பளி இல்லை மாமா. தாய்ப்பூச்சி தன் உடம்பு ரோமத்தை உதிர்த்து மூடி வைத்த முட்டைக் குவியல். ஒவ்வொரு குவியலிலும் நூற்றுக்கணக்கில் இருக்கும். போன் கேமராவுக்கு முன்னால் பூதக்கண்ணாடியைப் பிடித்து எடுத்த படத்தை இதோடு இணைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டுப் பாருங்கள், சாப்பிடும் முன் வேண்டாம்.

கடலை வயல் ஓரத்தில் ஆமணக்கு நடுவதே இதற்காகத்தான். பூச்சி அந்த இலைக்கு ஆசைப்பட்டு வந்து அங்கே முட்டை வைக்கும். நாம் அடிக்கடி போய் இலையைத் திருப்பி, முட்டை இருக்கிறதைக் கிள்ளி, சோப்புத் தண்ணீர் வாளியில் அமுக்க வேண்டும். பொரிந்த குஞ்சுப் புழு கூட்டமாக உட்கார்ந்திருந்தால் அந்த இலையையும் அப்படியே. ஆமணக்கு ஒரு பொறி, அவ்வளவுதான். பொறியில் விழுந்ததை எடுத்துக் கொல்லத்தான் ஆள் வேண்டும்.

நீங்கள் என்ன சொன்னீர்கள்? "பூச்சிக்கு ஒரு வீடு கட்டிக் குடுங்க மக்களே, அது உங்க வீட்டுக்கு வராது. நட்டுட்டு மறந்துடுங்க. முக்கியமா ஆமணக்கைத் தொடாதீங்க, தொட்டா பூச்சி பயந்து கடலைக்கு ஓடிடும்!" இது யார் சொன்னது உங்களுக்கு? பூச்சியே வந்து காதில் சொன்னதா? புழு வளர்ந்துவிட்டால் அந்த ஆமணக்கு இலை அதற்குப் பல்லுக்குக் கூடக் காணாது. இறங்கி நடக்கும். எதிரே என்ன இருக்கிறது? கடலை. நாம் கட்டிக் கொடுத்தது வீடு இல்லை, பிரசவ ஆஸ்பத்திரி.

நான் எந்தக் கல்லூரியிலும் பூச்சி படிக்கவில்லை. உங்கள் வீடியோவைப் பார்த்துத்தான் இந்தப் பைத்தியமே பிடித்தது. அங்கிருந்து ஒன்று, அதிலிருந்து இன்னொன்று என்று, புரியாத பாஷையில் ஓடுகிறதை எல்லாம் தானாக வருகிற சப்டைட்டிலை வைத்துப் பார்த்தேன். எத்தனை பாஷையில் பார்த்தாலும் எல்லாரும் இலையைப் பறிக்கத்தான் சொல்கிறார்கள். தொடாதே என்று சொல்கிற ஒரே ஆள் நீங்கள்தான்.

இப்போது அப்பா. அப்பா ஆமணக்குக்குக் காவல் இருக்கிறார். ஆட்டை விரட்டுகிறார், காக்காயை விரட்டுகிறார், பெற்ற பெண்ணையும் விரட்டுகிறார். நேற்று நான் ஒரு இலையில் கை வைத்ததற்கு, "கிள்ளின, அவ்வளவுதான்! தொடக் கூடாதுன்னு மாப்பிள்ளை சொல்லியிருக்காரு" என்று வரப்பிலிருந்தே கத்தினார். ஆராய்ச்சி நிலையத்தின் கையேட்டைப் போனில் காட்டினேன். "இதை எழுதினவனை எத்தனை பேரு பார்க்கறான்? நம்ம மாப்பிள்ளையை எத்தனை பேரு பார்க்கறாங்க?" என்று கேட்டார். மாமா, இதற்குப் பதில் உங்களிடம் இருக்கிறதா?

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். அப்பாவுக்குப் போன் போட்டு, "முட்டை வெச்ச இலையைப் பறிச்சுடுங்க மாமா" என்று சொல்லுங்கள். பொரிவதற்குள் சொல்லுங்கள். முட்டை உங்கள் எடிட்டிங் முடிகிறவரை காத்திருக்காது. கடலையில் இப்போதுதான் காய் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது. இந்த நேரத்தில் இலை போனால் உள்ளே பருப்பு இருக்காது, வெறும் தோல்தான் இருக்கும்.

அக்காவுக்கு என் அன்பு. உங்களுக்கு, போன் செய்த பிறகு.

இப்படிக்கு,
உங்கள் சேனலின் முதல் சந்தாதாரரும் கொழுந்தியாளும்.


மாமா அவர்களுக்கு,

படித்தீர்கள். நன்றி. முதல் பத்தியை மட்டும் படித்தீர்கள்.

நேரலையில் என் தாளைக் கையில் எடுத்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். அம்மாவைக் கூப்பிட்டேன், அப்பாவைக் கூப்பிட்டேன், சத்தத்தைக் கூட்டி வைத்தேன். அந்துப்பூச்சி எல்லாம் ஆமணக்கைத் தேடி வருகிறது, அப்பாவுக்குக் கால் தரையில் படவில்லை என்று ஏற்ற இறக்கத்தோடு அழகாகப் படித்தீர்கள். உங்கள் குரலுக்கு என்ன குறை? பிறகு, "பார்த்தீங்களா மக்களே, இது என் சொந்த மாமனார் வயல். எழுதியிருக்கறது அந்த வீட்டுப் பொண்ணு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்று சொல்லித் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தீர்கள்.

மடிப்பதற்கு முன்னால் உங்கள் கண் அடுத்த பத்திக்கு இறங்கியது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். இறங்கியது. "இனிமேல்தான் கடிதம்" என்கிற இடத்தில் உங்கள் உதடு லேசாக அசைந்ததுகூடத் தெரிகிறது. அப்புறம்தான் மடித்தீர்கள். தெரியாமல் சொன்னவர் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். தெரியாமல் சொன்னால் தப்பில்லை மாமா, யாருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது? தெரிந்த பிறகு மடித்தீர்களே, அதற்கு என்ன பெயர்?

போதாததற்கு அந்தத் துண்டை மட்டும் வெட்டி, பின்னால் நாதஸ்வரம் போட்டு ஷார்ட்ஸில் விட்டிருக்கிறீர்கள். பிரமாதம்! என் வாக்கியம் உங்கள் விளம்பரம் ஆகிவிட்டது. அப்பா அதைத் தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திக் காட்டுகிறார். என்னிடம் வந்து, "நீயே உன் கையால எழுதியிருக்க, அப்புறம் என்னடி தினமும் வம்பு?" என்றார். மீதியை என் போனில் திறந்து நீட்டினேன். கண்ணாடி இல்லை என்று சொல்லிவிட்டார். கண்ணாடி அவர் நெற்றிமேல் இருந்தது.

முட்டை பொரிந்துவிட்டது. முதலில் ஆமணக்கு இலை சல்லடை மாதிரி ஆனது, பிறகு வெறும் நரம்பு. குஞ்சாக இருக்கும்போது கூட்டமாக ஒரே இலையில்தான் இருந்தன. கிள்ளி வாளியில் போட்டால் முடிந்தது கதை. நான் கூடை எடுத்துக்கொண்டு போனேன், அப்பா கூடையைப் பிடுங்கி வரப்புக்கு அந்தப் பக்கம் வீசினார். அம்மா நடுவில் வந்து, "பொண்ணு சொல்றதைக் கொஞ்சம் கேட்டாத்தான் என்ன?" என்றாள். "அவரு சம்சாரமே இந்த வீட்டுப் பொண்ணுதான். நம்ம வயல்ல நாமளே மாத்திப் பண்ணினா, நாளைக்கு அவரை எவன் மதிப்பான்?" என்றார் அப்பா. கடலைக்குப் பயப்படவில்லை, உங்கள் மரியாதைக்குப் பயப்படுகிறார். இப்படி ஒரு மாமனார் யாருக்குக் கிடைப்பார்?

இப்போது புழு இறங்கிவிட்டது. பகலில் மண்ணுக்குள் ஒளிந்துகொள்கிறது, இருட்டினதும் தின்கிறது. காலையில் போய்ப் பார்த்தால் ஓட்டை விழுந்த இலையும், செடிக்கு அடியில் மிளகைத் தூளாக்கித் தூவினது போல எச்சமும்தான். வடக்கு ஓரம் முழுக்கக் காம்பு காம்பாக நிற்கிறது. பெரிய புழு ஆகிவிட்டால் மருந்து அடித்தாலும் லேசில் சாகாது.

வடக்கு ஓரத்துக்கு அந்தப் பக்கம் யார் வயல்? டெய்லர் அத்தை வயல். உங்கள் கல்யாணத்துக்கு அக்காவின் ரவிக்கையை மூன்று தடவை பிரித்துத் தைத்துக் கொடுத்தாளே, அதே அத்தை. பகலெல்லாம் மிஷின் மிதித்துவிட்டு மிச்ச நேரத்தில் அந்தக் கடலையைப் பார்க்கிறாள். அவள் ஆமணக்கு நடவில்லை, உங்கள் சேனலைப் பார்ப்பதும் இல்லை. புழுவுக்கு அது தெரியுமா? வரப்பைத் தாண்டிப் போய்விட்டது. அத்தை எங்கள் வாசலில் நின்று, "உங்க மாப்பிள்ளை போன்ல வர்றாரு, அவரு வளர்த்த புழு என் வயல்ல வருது. குடும்பமே பிரபலம்தான் போங்க!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். அப்பா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாத்தின கதவுக்கு முன்னால் நான் நின்றேன். அத்தை என்னைப் பார்த்து, "நீயும் ஏதோ கடுதாசி போட்டுக் கை தட்டினியாமே" என்றாள்.

உங்கள் வீடியோவின் கீழே நடந்ததை எழுதினேன், அழித்தீர்கள். மறுபடி எழுதினேன், தடுத்தீர்கள். உங்கள் ரசிகர்களின் 'ஆமணக்குப் படை' குழுவில் போட்டேன். அங்கே நான் சேர்த்த பிள்ளைகளே, "கொழுந்தியாளுக்குப் பொறாமை வந்துடுச்சு டோய்", "ஒரு புழுவுக்கு இவ்ளோ அழுகையா பாப்பா" என்று சிரிக்கிற பொம்மையாக அள்ளிப் போட்டார்கள். அட்மின் என்னை வெளியே தள்ளிவிட்டான். அவனை அட்மின் ஆக்கினதே நான்தான். உங்களைத் திட்டினவர்களோடு நாள் முழுக்கச் சாப்பிடாமல் சண்டை போட்டவள் நான். அப்போது நான் பேசின அதே வசனத்தை இப்போது என்னிடமே திருப்பிப் பேசுகிறார்கள்.

அக்கா நேற்று பேசினாள். பாத்ரூம் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு ரகசியமாகப் பேசினாள். "அவரு படம் போட்ட ஆமணக்கு விதைப் பொட்டலம் வரப்போகுதுடி. இந்த நேரத்துல மாத்திச் சொன்னா மானம் போயிடும்னு பயப்படறாரு. ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுக்கறாரு" என்றாள். புரண்டு படுங்கள் மாமா, நன்றாகப் புரளுங்கள். இங்கே அப்பாவும் புரண்டுதான் படுக்கிறார். உங்கள் இரண்டு பேரையும் ஒரே பாயில் போட்டால் பாயாவது மிச்சமாகும்.

இந்தத் தடவை புகழ்ச்சி எதுவும் எழுதவில்லை. படிக்க வசதியாக ஒரு வரியும் வைக்கவில்லை. எங்கே மடிக்கிறீர்கள், பார்க்கிறேன்.

இப்படிக்கு,
வெளியே தள்ளப்பட்டவள்.


எண்ணெய்வித்து போடுகிற எல்லாருக்கும், இதைப் படிக்கிற யாருக்கும், கூடவே மாமாவுக்கும்,

வணக்கம். வித்து வாத்தியார் நேரலையில் பெருமையாகக் காட்டினாரே, 'அந்த வீட்டுப் பொண்ணு', அது நான்தான். அவர் படித்தது என் கடிதத்தின் தலை. உடம்பு அதற்குக் கீழே இருக்கிறது. இரண்டு கடிதத்தையும் ஒரு எழுத்து மாற்றாமல் மேலே போட்டிருக்கிறேன். குடும்ப விஷயத்தை வெளியில் போடுகிறாளே என்று திட்டுகிறவர்கள் திட்டிவிட்டுப் படியுங்கள், படித்துவிட்டும் திட்டுங்கள். அவர் பேச்சைக் கேட்டு ஆமணக்கு நட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறீர்கள். பல இடத்தில் இப்போதுதான் முளைத்திருக்கிறது. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

எங்கள் வயலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வடக்கு ஓரம் போய்விட்டது. டெய்லர் அத்தையின் பக்கம் எங்களைவிட மோசம். நடுவிலும் தெற்கிலும் கடலை இன்னும் பச்சையாக நிற்கிறது. மொட்டையான ஆமணக்கு மறுபடி துளிர் விட்டிருக்கிறது. பூச்சி ஒரே நாளில் வந்துவிட்டுப் போகிறது இல்லை, இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. அந்தத் துளிரில் புது முட்டைத் திட்டுகள். இன்னும் பொரியவில்லை. எங்கள் நான்கு வரப்பிலும் ஒருத்தி கையால் இலையைத் திருப்பி மாளாது. வீடே இறங்கினால் முடியும்.

நேற்று டெய்லர் அத்தை துணி வெட்டுகிற பெரிய கத்தரியோடு வந்தாள். தன் பக்கத்து வரப்பில் நின்று, எட்டின வரைக்கும் எங்கள் ஆமணக்கு இலையை வெட்ட ஆரம்பித்தாள். அப்பா ஓடிப்போய், "யாரைக் கேட்டுக் கை வெக்கற?" என்றார். அத்தை கத்தரியை நிறுத்தாமலே, "உன் செடின்னா உன் பக்கம் இருக்கச் சொல்லு, உன் புழுவுக்கும் சேர்த்துச் சொல்லு" என்றாள். அப்பா, "மரியாதையாப் பேசு" என்றார். அத்தை, "மரியாதையா? அது எந்தச் சேனல்ல வருது?" என்றாள். நான் அத்தை பக்கம் போய் நின்று வெட்டின இலையைப் பொறுக்கினேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன். கடைசியில், "என் மாப்பிள்ளை தன் வாயால சொல்லட்டும். நானே முதல் ஆளா இறங்கி அத்தனையும் பறிக்கறேன். வேற எவன் சொன்னாலும் கேக்க மாட்டேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அவரே அதிலிருந்து இறங்க முடியாது.

ஆனால் இன்று காலையில் ஒன்று பார்த்தேன். நான் தொட்டிக்குப் பின்னால் இருந்ததை அப்பா கவனிக்கவில்லை. வரப்பில் தனியாக நின்று சுற்றிலும் ஒரு தரம் பார்த்துக்கொண்டார். பிறகு ஒரு ஆமணக்கு இலையைத் திருப்பினார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு பார்த்தார். விரலால் அந்தத் திட்டை லேசாகச் சுரண்டிப் பார்த்தார். இலையைப் பழையபடி விட்டுவிட்டு, இன்னொன்றையும் திருப்பினார். அதையும் விட்டுவிட்டு, அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

அப்பாவுக்குத் தெரியும் மாமா. உங்களுக்கும் தெரியும். உங்கள் மானத்தைக் காப்பாற்ற அவர் கடலையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் அதை வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு உங்கள்மேல் இருக்கிற கோபத்துக்கு அளவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்தால் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் உங்களோடு சண்டை போட்டு ஜெயிக்க இப்போது நேரம் இல்லை.

அதனால் ஒரு வழி சொல்கிறேன். நீங்கள் தப்பு என்று ஒத்துக்கொள்ள வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். நேரலையில் வந்து, "ஆமணக்கு வேலியில அடுத்த கட்டம் சொல்லித் தரப்போறேன் மக்களே, இலையைத் திருப்புங்க, முட்டையைப் பறிங்க" என்று உங்கள் ஸ்டைலில் கையைத் தட்டிச் சொல்லுங்கள். உங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு என்றே சொல்லிக்கொள்ளுங்கள். பொட்டலத்திலும் அச்சடித்துக்கொள்ளுங்கள். முதல் லைக் நான் போடுகிறேன். "எங்க மாமா மாதிரி உண்டா" என்று முதல் கமெண்ட்டும் நானே போடுகிறேன். இந்தப் பதிவையும் அந்த நிமிஷமே எடுத்துவிடுகிறேன். அப்பாவுக்கு எழுந்து நிற்க ஒரு காரணம் கொடுங்கள், அது போதும்.

ஆமணக்கு நட்ட மற்றவர்களே, நீங்கள் அவருக்காகக் காத்திருக்காதீர்கள். இப்போதே போய் இலையைத் திருப்புங்கள். பழுப்புத் திட்டு இருந்தால் கிள்ளி சோப்புத் தண்ணீரில் போடுங்கள். படம் எடுத்து இதன் கீழே போடுங்கள், எங்கிருந்தாலும் போடுங்கள். பக்கத்து வயல்காரருக்குக் காட்டுங்கள், ஆமணக்கு நட்ட எல்லாரையும் கூட்டிச் சொல்லுங்கள். என்னை நீக்கின குழுவில் இருக்கிறவர்கள், என் பேரைச் சொல்லாமலாவது இதைப் பகிருங்கள். ரசிகர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். அவர் என் பேச்சைக் கேட்க மாட்டார், உங்கள் பேச்சைக் கேட்பார். எல்லாரும் சேர்ந்து ஒரே கேள்வியை அவரிடம் கேளுங்கள்: இலையைப் பறிக்கலாமா, வேண்டாமா?

மாமா, நீங்களும் அக்காவும் நன்றாக இருக்க வேண்டும். நிஜமாகவே சொல்கிறேன். அப்பா இன்னும் வரப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார், மடியில் போன் இருக்கிறது. மணி அடித்தால் எடுத்துவிடுவார்.

இப்படிக்கு,
அந்த வீட்டுப் பெண்.